கேரியர் கம்பி

அம்மாபேட்டை தள்ளுவண்டியில்
தட்டுவடை செட்டுக்குப் பீட்ரூட் துருவல் விழுந்துகொண்டிருந்தபோது
நீ சொன்னாய், குணாளா.
நாங்கள் மூன்று பேர்.
பூவண்ணன் அவசரமாக இன்னொரு செட் சொன்னான்.
யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.
முகிலரசுதான் வாயைத் திறந்தான்:
"அப்ப இத்தன நாளா எங்கள எப்படிடா பாத்த?"
"போய் உங்க மூஞ்சியக் கண்ணாடில பாருங்கடா" என்றாய்.
நானும் சிரித்தேன்.
தேவைக்கு மேல் சத்தமாக.

அன்றிரவும் உன் வண்டியில்தான் வீடு திரும்பினேன்.
பன்னிரண்டு வருஷம் உன் இடது தோளில் கிடந்த கை
பின்னால் போய்
கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டது.
நான் போகச் சொல்லவில்லை.
நிறுத்தவும் இல்லை.
ஐந்து ரோடு மேம்பாலத்தில்
கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தாய்.
வேகத்தைக் குறைத்தாய்,
நான் விழுந்துவிடக் கூடாதென்று.

பூவண்ணன் மறுநாளே குழுவில் வானவில் படம் போட்டான்.
அடுத்த மாதம் தங்கை நிச்சயத்துக்கு
உன்னைத் தவிர எல்லாரையும் அழைத்தான்.
முகிலரசு ஒன்பது மாதம் பேசவில்லை.
உனக்கு டெங்கு என்றதும்
ஜி.எச். வராந்தாவில் மூன்று ராத்திரி
செய்தித்தாள் விரித்துப் படுத்தான்.
நான்காம் நாள் நீ எழுந்து உட்கார்ந்ததும்
பழையபடி பேசாமல் போய்விட்டான்.

உன் அம்மா,
"எம்புள்ள நல்லவன், எவனோ கெடுத்துட்டான்" என்றார்.
எவனோ என்கிறபோது
என்னைத்தான் பார்த்தார்.
மறுக்க வாயெடுத்தேன்.
மறுத்த வேகம் எனக்கே பிடிக்கவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு.
லீ பஜார் எடைமேடையில் முப்பத்தோரு வருஷம்
ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதாத உன் அப்பா
ஒரு செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார்.
"தம்பி, வண்டி இருக்கா? செவ்வாய்பேட்டை வரைக்கும்."
ஏறி உட்கார்ந்து
என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஜோசியர் உன் கட்டத்தை விரித்து
"பொருத்தம் பாக்கணுமா?" என்றார்.
"இல்லைங்க.
கல்யாண யோகமே இல்லைன்னு எழுதித் தரணும்.
யாரு கேட்டாலும் காட்டற மாதிரி, முத்திரையோட."
"கட்டத்துல அப்படி இல்லீங்களே."
"தெரியும்."
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீவி நீவி வைத்தார்.

திரும்புகையில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.
பன்னீர் சோடா வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.
"சொந்தக்காரங்க தொல்லை ஓயும்.
எங்கயோ ஒரு பொண்ணு தப்பிக்கும்ல?"
ரொம்ப நேரம் கழித்து,
சில்லறையை எண்ணியபடி,
"அவனும்" என்றார்.

அந்தத் தாள் உங்கள் பீரோவில் இருக்கிறது,
ரேஷன் கார்டுக்கு அடியில்.
பார்த்தாலும் பார்க்காததுபோல் இரு.

போன ஞாயிறு ஏற்காடு ஏறினோம்.
உன் பின்னால் லூர்துராஜ்,
ஒண்டிக்கடை தாண்டி ஏதோ எஸ்டேட்டில் கணக்கெழுதுகிறவன்.
அவன் கை உன் இடது தோளில்
ஒரு யோசனையுமில்லாமல் கிடந்தது.
பின்னால் என் வண்டியில் நான் மட்டும்.
உன்னிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.
ஏழாவது கொண்டை ஊசியில் நன்றாகத்தான் இருந்தது.
பதினொன்றில் நாடக வசனம்போல் ஆகிவிட்டது.
பதினான்கில் பனி இறங்கி
உன் பின்விளக்கு மட்டும் தெரிந்தது.

அப்போது லூர்துராஜ், திரும்பிப் பார்க்காமலே,
உன் தோளிலிருந்து கையை எடுத்து
கீழ்நோக்கி இரண்டுமுறை அமர்த்திக் காட்டினான்
எனக்கு:
மெதுவா வா,
லாரி இறங்குது.