முறிகண்டியில் இருநூற்றுப் பத்து அம்பியர்

யப்பானில் எழுதிய ஓட்ட அட்டவணை
ஆயிரத்து இருநூறு வினாடி.
அதில் மாடு இல்லை.

பதினெட்டுக் கலம், மீன்ரின் பருமன்,
டிக்கியில் அடுக்கிப் பட்டி இழுத்துக் கட்டினோம்.
மீக்கொள்ளளவி என்று பதிவில் எழுதினேன்.
யசிந்தனுக்கு அவை வெறும் ரின்கள்.

ஆறே காலுக்கு அறிவியல்நகர் வாசலால் வெளிக்கிட்டு
ஏ ஒன்பதில் தெற்கே.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும்.
சாமி கும்பிடாத யசிந்தனும் நிற்கிறான்,
பிரேக் மிதிக்க ஒரு சாட்டு வேண்டுமே.
இருபத்தைந்து வோல்ற், முப்பத்தொன்று, நாற்பது.
இருநூற்றுப் பத்து அம்பியர், பதினைந்து வினாடி,
பிள்ளையார் பேரில் வரவு வைத்தோம்.
அவருக்கு ஒரு தேங்காய். எங்களுக்கு ஒரு சரை கச்சான்.
திரும்ப எடுக்கையில் எஞ்சின் முழிக்கவில்லை.
கடைசிக் கச்சான் கடை தாண்டும்வரை
நின்றதன் பலத்திலேயே போனோம்.

கொக்காவிலில் மாடு. ஒன்றல்ல, ஊர்வலம்.
பனிக்கன்குளத்தில் பாதி றோட்டில் நெல் காய்கிறது,
கரைக்குக் கல் வைத்து.
மீற்றர் ஏற ஏற
"இன்னும் ரெண்டு மாடு வரட்டும் மிஸ்" என்கிறான்.

மாங்குளத்துக்கு முன்னால், ஒரு மதகடியில்,
வெறும் றோட்டில் நிறுத்தினான்.
மாடில்லை. நெல்லில்லை. கோயிலில்லை.
எஞ்சினும் ஓடவில்லை, அதனால்
காடு நல்லாகக் கேட்டது.
அவன் சொல்லவில்லை.
நான் அம்பியரை மட்டும் குறித்தேன்.

மத்தியானம் ஆய்வுகூடம் முப்பத்தெட்டுப் பாகை.
ஏழாம் கலம் மற்றவற்றைவிடச் சூடு.
கழற்றி, தடை குறுக்கே போட்டு இறக்கினோம்.
பூச்சியம்.
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மீற்றரை வைத்தால்
பூச்சியம் தசம் மூன்று ஒன்று.

யாரும் ஏற்றவில்லை.
கரியின் நுண்துளைகளில், அடி ஆழத்தில்,
எங்கள் அவசரத்துக்கு இறங்காமல் நின்றது
ஆறுதலாக முனைக்கு வந்திருக்கிறது.
இது பழுதல்ல. கையேட்டில் ஒரு பந்தி இருக்கிறது.

மறுபடி இறக்கினேன்.
மறுபடி, பூச்சியம் தசம் பூச்சியம் எட்டு.

"எவ்வளவு நேரம் விட்டா மிஸ் ஒண்டும் வராது?"

நேரம் விடுவதல்ல.
இரு முனையையும் கம்பியால் சேர்த்துக் கட்டி
அலுமாரியில் வை. கழற்றாதே.

பின்னேரம் அட்டவணையைத் திருத்தினேன்:
நிறுத்தம் நாற்பத்தொன்று. மாடு பதினேழு, நெல் நாலு,
பிள்ளையார் ஒன்று, இன்டிகேற்றர் போடாத லொறி பதினெட்டு.
கூட்டினால் நாற்பது.

யசிந்தன் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.
"ஒரு சுற்றுக் காணுமா?"
இன்னொன்று சுற்று என்றேன்.