முதுகோடு முதுகு

ஜூன் மாதம். தகரக்கூரையில் மழை
காலையிலிருந்து ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.
சிலோயே தீவுகளில் ஒன்று. இரண்டாம் வகுப்பு.
பதினோரு பேர், ஒரு விறகடுப்பு,
அதைச் சுற்றிக் காயும் இருபத்தொரு காலுறைகள்.
(ஒன்றைக் காணோம் என்று ஒரு வழக்கு நிலுவையில்.)

மேசைமேல் காஸ்த்ரோ அலுவலகம் அனுப்பிய படிவம்:
தெளிவாகப் பேசுகிறார், ஆம் அல்லது இல்லை.
கவனித்துக் கேட்கிறார், ஆம் அல்லது இல்லை.
என் இடது காது பத்து வயதில் போனது.
என்னை உட்கார வைத்தால்
எந்தக் கட்டத்தில் குறியிடுவார்களோ.

இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகு போட்டேன்.
ஒருவர் தன் வீட்டைச் சொல்ல வேண்டும்,
மற்றவர் கேட்டு வரைய வேண்டும்.
திரும்பக் கூடாது. கையால் காட்டக் கூடாது.
"கேள்வி கேக்கலாமா டீச்சர்?"
கேட்கலாம் என்றேன்.
யாரும் கேட்கவில்லை.

மில்லராய் இரண்டு கைகளையும்
தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்;
விட்டால் அவை முந்திக்கொண்டு பேசிவிடும்.
"எங்க வீடு மஞ்சள். வெளியில மரச்செதில், மீன் மாதிரி.
ரெண்டு ஜன்னல். ஒண்ணு திறக்காது.
போன வருஷம் கடலுக்குள்ள போச்சு.
மாமா எல்லாரும் கயிறு பிடிச்சாங்க.
அம்மா அழுதாங்க.
அப்புறம் எல்லாரும் சாப்பிட்டோம்.
அவ்வளவுதான்."

பெனீசியோ மார்ச்சில்தான் சாந்தியாகோவிலிருந்து வந்தவன்.
நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தான்.
நீலப் பென்சில் கட்டையாகிப் போனது.
காகிதம் முழுக்கக் கடல்.
நடுவே ஒரு மஞ்சள் கூரையின் முனை மட்டும்.
திறக்காத ஜன்னலுக்குப் பின்னால் ஒரு முகம்.
கரையில் கறுப்புச் சட்டை போட்டவர்கள்
தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

வகுப்பு சிரித்த சிரிப்பில் அடுப்பே புகைந்தது.
"நான் இப்படிச் சொல்லவே இல்ல!"
"நீ சொன்னதைத்தான் வரைஞ்சேன்."
உண்மை. ஒரு சொல்லைக்கூட அவன் விடவில்லை.
படிவத்தில் இருவருக்கும் ஆம் போட்டிருக்கலாம்.

அவன் சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டான்,
"செத்துப்போனது யாரு?"
"யாரும் சாகல."
"அப்ப வீடு ஏன் கடலுக்குப் போச்சு?"
"இந்தக் கரைக்கு வர்றதுக்கு."
"வீடா?"
"வீடுதான். பள்ளிக்கூடம் கிட்ட இருக்கட்டும்னு.
மாடு பூட்டி இழுத்து, பீப்பாய் கட்டி,
படகுல கயிறு போட்டு…"
"மிதந்துச்சா?"
"ம். அடுப்போட. பூனையோட."
"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"
"எல்லாருக்கும் தெரியுமே!"

சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தாள்.
எல்லாத் தலையும் ஆடின.
ஒன்று மட்டும் ஆடவில்லை.
அந்த ஒன்றையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவன் முறை.
"எங்க பழைய வீடு பதினாலாவது மாடி.
எங்க கூரைக்கு மேல
ஒருத்தர் ராத்திரியெல்லாம் நடப்பார்.
கீழ இருக்கறவங்க
எங்களைத் துடைப்பக் கட்டையால இடிப்பாங்க."

மில்லராயின் பென்சில் காகிதத்தைத் தொடவில்லை.
"அவருக்கு மழையில நனையாதா?"
"யாருக்கு?"
"கூரைமேல நடக்கறவருக்கு."
அவன் வாயைத் திறந்தான், மூடினான்.
தன் வீட்டை முதல் தடவையாக
வெளியே நின்று பார்ப்பவன்போல யோசித்தான்.
"அவருக்கும் மேல ஒரு கூரை இருக்கு."
"அதுக்கு மேல?"
"இன்னொருத்தர்."
"அவர் பேர் என்ன?"
"தெரியாது. கேட்டதில்ல."

படிவம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது,
ஓரத்தில் காலுறை சொட்டிய ஈரத்தோடு.
மழை வலுத்ததும் வலது காதும் எனக்கு உதவவில்லை.
இருவர் உதடுகளும் வேகமாக அசைவதை மட்டும் பார்த்தேன்;
முதுகைத் திருப்பிக்கொண்டு எப்போதோ
நேருக்கு நேர் உட்கார்ந்துவிட்டார்கள், விதியை மீறி.
"என்ன சொன்னீங்க ரெண்டு பேரும்?" என்றேன்.
"உங்களுக்கு இல்ல டீச்சர்" என்றாள்,
மிகத் தெளிவாக.