ஐஸ் அறைக் கணக்கு

முதல் செலவு பூட்டு உடைத்தது.
சாவி ஆரிடம் என்று மூன்று கூட்டத்தில் கதைத்து
மூன்றுக்கும் தேத்தண்ணிச் செலவு எழுதி
கடைசியில் யூட் அலவாங்கோடு போனான்.

குருநகர் ஐஸ் அறைக்கு யன்னல் கிடையாது.
குளிர் வெளியே போகக்கூடாது என்று கட்டியது
வெளிச்சத்தை உள்ளே விடுமா?
கறள் குழாய்கள் கூரை முழுக்க.
ஓடாத மோட்டருக்குப் பக்கத்துச் சுவரில்
யாரோ கரித்துண்டால் எழுதிய கடன்:
‘லோறன்ஸ், ஏழு கட்டி.’
லோறன்ஸ் இப்போது பாரிசில்.
ஏழு கட்டியும் எப்போதோ உருகிவிட்டன.

செபமாலைச் சம்மாட்டி கூட்டத்துக்கு வந்து
கதிரையில் இராமல் நின்றபடி கேட்டார்:
“மீனுக்கு ஐஸ் வேணும்.
நீங்கள் புத்தகத்தைக் குளிரவைக்கப் போறியளோ?”
சிரித்தோம். ஆனால் அது பகிடி இல்லை.
அன்று காலையும் நாற்பது கிலோ சூடை
வெயிலில் பழுதாகிக் கருவாட்டு விலைக்குப் போனது.
எங்களிடம் பதில் இருக்கவில்லை,
வாக்கெடுப்பு மட்டும் இருந்தது.
பத்தொன்பதுக்குப் பதினேழு.

யன்னலுக்குச் சதுரம் கீறினார் மேசன் அருளப்பு.
நாலாவது அடியில் கல் உள்ளே போனது.
ஐந்தாவதில் சுவர் வாயைத் திறந்து
உமி கொட்டியது.
கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது.
இரட்டைச் சுவர்; நடுவில் ஒன்றரை அடி,
கூரைவரைக்கும் உமி.
அருளப்பு முழங்கால் புதைய நின்று தும்மினார்.
றெஜினா கோழிக்கூட்டுக்கென்று நாலு சாக்குக் கட்டினாள்.
பெடியள் குவியலில் குதித்தார்கள்.
மாலைப் பூசைக்குப் போனவர்களின் தலையிலும் உமி.

இரவு, சுவர் வெறுங்கூடாய் நின்றது.
விழுந்துவிடும் என்றார்கள் பாதிப்பேர்,
அந்தப் பதினேழு பேர்தான்.
அருளப்பு தட்டித் தட்டிக்
காதை வைத்துக் கேட்டார், நெஞ்சுச் சளி பார்க்கும் டொக்டர்மாதிரி.
பிறகு உட்சுவரை மட்டும்
கட்டம் கட்டமாகத் திறந்தார்.
“அலுமாரிக்குக் காசு தேடாதேங்கோ,” என்றார். “இந்தா.”

அப்படித்தான் உமி இருந்த இடத்துக்குப் புத்தகம் வந்தது.
கன்னியர் மடத்தில் கழித்த அகராதி,
கொழும்பு பஸ்ஸில் பதினொரு பெட்டி,
ரொறன்ரோவிலிருந்து ஒருவர்
ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயர் முத்திரையிட்டு அனுப்பிய
ஒருதரும் தொடாத சோதிடத் தொகுதி.
உப்புக்காற்றில் மூன்றாம் நாளே தாள்கள் தடித்தன.
எதைத் திறந்தாலும் மீன்வாடை.
கழுவினோம், சுண்ணாம்படித்தோம், சாம்பிராணி போட்டோம்.
இப்போது சாம்பிராணி போட்ட மீன் மணக்கிறது.

கதவை மாற்றக் காசில்லை.
அதே இரும்புக் கதவு, உள்ளே கைபிடி கிடையாது,
ஐஸ் கட்டி தானாக எழும்பி வரப்போவதில்லையே.
பூட்டுமுன் மூன்றுதரம் தட்டவேண்டும் என்று
அட்டையில் எழுதி மாட்டியது நான்.
ஐப்பசி மழை ஒன்றில்
தட்ட மறந்ததும் நான்.

ஒன்பது மணிக்கு யூட்டின் தங்கை ஓடிவந்தாள்:
ஐஸ் அறைக்குள் ஆரோ உதைக்கிறார்கள்.

திறந்தோம். ரோச் வெளிச்சத்தில்
செபமாலைச் சம்மாட்டி.
நாற்பது வருசம் அந்தக் கதவால் ஐஸ் ஏற்றியவர்.
யன்னலால் கூப்பிட்டிருக்கலாம்.
அது, வேண்டாமென்று அவர் கைதூக்கிய யன்னல்.
மேசையில் ஒரு புத்தகம் கவிழ்ந்து கிடந்தது.
எதென்று பார்க்க யூட் கையை நீட்ட
அவர் முந்தி எடுத்து மூடினார், தட்டில் சொருகினார்,
பிழையான தட்டில்.
“விசர்ச் சனங்கள்,” என்றுவிட்டு
மழைக்குள் இறங்கிப் போனார்.

அடுத்த கிழமை கதவுக்கு உள்ளே பித்தளைக் கைபிடி இருந்தது.
ஒருதரும் பூட்டியதைக் காணவில்லை.
பற்றுச்சீட்டு இல்லை, பெயர் இல்லை,
வரவிலும் வைக்க முடியாது, செலவிலும் வைக்க முடியாது.

வருச முடிவில் ஆயிரத்து நூற்று நாற்பது ரூபா இடிக்கிறது.
அது கைபிடியால் வந்ததல்ல, அதற்கு முந்தியது.
தேத்தண்ணி என்று எழுதிவிடச் சொல்கிறான் யூட்.
இன்னும் கூட்டிக்கொண்டிருக்கிறேன்,
கீழிருந்து மேலே.