கூரைமேல் ஒரு கிலோமீட்டர்

லுவ்சன் அந்தத் தகட்டை வாங்கி வந்தபோது
எங்கள் ஹைபிரிட் காருக்குப் பதினேழு வயது.
நகோயாவில் யாரோ ஓட்டித் தேய்த்து,
கப்பலேறி, ரயிலேறி,
உலான்பாத்தரின் வடக்குச் சரிவில்
எங்கள் மரவேலிக்குள் வந்து நின்ற கார்.
சாவி போட்டால் இன்றும் ஒரு பெண்
ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்கிறாள்.
நல்லதாகத்தான் இருக்கும் என்று
கேட்டுக்கொள்கிறோம்.

நூற்றைம்பது வாட். பதினோரு கிலோ.
கூரையில் நான்கு போல்ட்டு,
பின்சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி, கத்தையாக வயர்கள்.
"இனி வானமே நமக்குப் பெட்ரோல் பங்க், டோல்கோர்!"
ரொட்டித் தொழிற்சாலையில் கணக்கெழுதுகிறவள் நான்.
பங்க் என்றால் ரசீது வேண்டும் என்றேன்.

பச்சை அட்டை நோட்டு ஒன்று போட்டேன்.
ஓடிய தூரம். ஊற்றிய லிட்டர். குறிப்பு.

தகட்டுக்கு முன்: நூறு கிலோமீட்டருக்கு ஐந்து புள்ளி இரண்டு.
ஜூனில் ஐந்து புள்ளி ஒன்று.
இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத மாதம்,
மேகம் எட்டிப் பார்க்கவில்லை,
ஆன மட்டும் குடித்தது தகடு.
நாளுக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற டாக்சியில்
வெயிலின் பங்கு மூன்று, மிஞ்சினால் நான்கு.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
அவனோ பொரியை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஜூலையில் ஐந்து புள்ளி நான்கு.
தகடு போட்டபின் ஏறுவானேன்?
குறிப்புப் பத்தியை விரலால் தடவிப் படித்தேன்:
"நிழல். ஆற்றங்கரைக்குப் போனேன்."
"கட்டட நிழல். ஆற்றங்கரை."
"ஆற்றங்கரை."
சவாரிக்கும் சவாரிக்கும் நடுவே
வெயில் காய வண்டியைத் தூல் ஆற்றுக்கு ஓட்டியிருக்கிறான்,
போக மூன்று, வர மூன்று.
நோட்டைத் திருப்பி அவன் முன் வைத்தேன்.
வெகுநேரம் பார்த்தான்.
"ஆறு அழகாக இருந்தது" என்றான்.

அக்டோபரில் ஊர் அடுப்பு மூட்டியது.
கரிப்புகை இறங்கித் தகட்டில் படிய,
காலையில் துடைத்தால் மதியம் கறுக்கும்.
அவன் நெடும்பயணம் கிளம்பிய ஒரு நாள்
வழக்கப்படி வண்டியின் பின்னால் பால் தெளித்தேன்.
காற்று திருப்பிவிட்டது.
தகட்டின் மூலையில் கைக்குட்டையளவு பால்
விழுந்த நொடியில் உறைந்தது;
அந்த மறைப்பால் பாதி மின்சாரம் போயிற்றாம்.
வழிக்கு வாழ்த்திய என் கையே
வழியைக் கொஞ்சம் குறைத்ததை
எந்தப் பத்தியில் எழுதுவது?

டிசம்பரில் சூரியன்
வேலிக்கு மேல் தலை நீட்டிவிட்டு இறங்கிவிடுகிறது.
ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர்.
எங்கள் வாசலிலிருந்து தண்ணீர்க் கிணற்றுச் சாவடிவரை.
பதினோரு கிலோவைச் சுமந்து மேடேறும் செலவைக் கழித்தால்
அதுவும் கிணற்றுக்கு முன்பே நின்றுவிடும்.
குளிருக்கு எஞ்சின் அணைவதே இல்லை;
ஆறு புள்ளி எட்டு என்று எழுதினேன்.
அதற்குத் தகட்டைத் திட்டுவது நியாயமில்லை.

ஜனவரியில் ஒரு விடியல், மைனஸ் முப்பத்து நான்கு.
தெருவில் ஒரு வண்டியும் உயிர் பெறவில்லை.
எங்கள் ஜப்பான்காரி மட்டும்
முதல் திருப்பிலேயே வாயைத் திறந்தாள்.
கோம்போ வயரோடு ஓடி வந்தான்,
அவனுக்குப் பின்னால் இன்னும் இருவர்.
"எழுது!" என்று கத்தினான் லுவ்சன்,
மீசையெல்லாம் பனி.
"வெயில் சின்ன பேட்டரியைக் காப்பாற்றியது, எழுது!"

எழுதினேன்.
நான்கு பக்கம் முன்னால்,
அக்டோபர் பதினெட்டாம் தேதியில், என் கையெழுத்திலேயே இருக்கிறது:
சின்ன பேட்டரி, புதிது,
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் துக்ரிக்.
நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

அவன் கோம்போவின் வண்டிக்குள் குனிந்திருந்தான்.
கையுறையைக் கழற்றாமல்
கூரையின் கரியை ஒருமுறை துடைத்தேன்,
கிழக்குப் பக்கத்தை மட்டும்.