அலகு எழுதாத எண்

பை லாக்கரில். பேனாவும் லாக்கரில்.
பென்சில் மட்டும் உள்ளே வரலாம்.
எகொடவெல மாத்தயா வருகைப் புத்தகத்தைத் திருப்பி வைத்து
முழுப் பெயர் என்கிறார், தமிழில்,
ழகரத்தில் மட்டும் கொஞ்சம் வழுக்கி.
ப. நிரோஷிகா. புவிச்சரிதவியல், இறுதி வருடம்.
நோக்கம்?
மழை.

நிமிர்ந்து பார்க்கிறார்.
வெளியே பேராதனை வெயிலில் காய்கிறது.

மழைதான்.
எங்கள் லயத்துச் சுவரில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டி மூன்று மாதம்.
எத்தனை அங்குலம் வரை மலை பொறுக்கும் என்று
எவருக்கும் தெரியவில்லை.
முன்பு ஒருமுறை பொறுக்கவில்லை என்று தெரியும்.
எப்போது என்றால் அந்தக் காலம் என்பார்கள்.
அந்தக் காலத்துக்கு ஓர் அலுமாரி இலக்கம் உண்டு.

சாம்பல் பெட்டி, வெள்ளை நாடா.
உள்ளே தோட்டத்து நாட்குறிப்புகள், ஏழு.
எலியோ கறையானோ அட்டையின் ஓரத்தை
ருசி பார்த்து, பிடிக்காமல் விட்டிருக்கிறது.
தேயிலை வாசம் வரும் என்று நினைத்திருந்தேன்.
பூச்சி மருந்து. தும்மினேன்.
எகொடவெல மாத்தயா கண்டிப்பாக இருமினார்.

நாளுக்கு ஒரு வரி.
மழை: அங்குலம், அதிலும் நூறில் ஒரு பங்கு வரை.
கொழுந்து: இறாத்தல்.
பேர்.

பேர் என்றால் பெயர் இல்லை.
விடுதித் தோழிக்கு இதை விளக்க ஒரு பகல் போனது.
பெரட்டுக்கு வந்து, நிறை குறையாமல் பறித்தால் ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
அம்மாவுக்குப் போன மாதம் பதினெட்டரைப் பேர்.

ஜூன் 9. மழை 3.12. பேர் 212.
ஜூன் 10. மழை 5.40. பேர் 212.
ஜூன் 11.
மழைக்குரிய இடத்தில் இலக்கம் இல்லை.
சாய்ந்த எழுத்தில், மழைமானி நிரம்பி வழிந்தது.
பேருக்குரிய இடத்தில் ஒரு கோடு.
ஜூன் 12. மழை 0.85. பேர் 201.

இரண்டு தடவை கழித்துப் பார்த்தேன்.
காய்ச்சலாக இருந்திருக்கலாம்.
கலியாணத்துக்குப் போயிருக்கலாம்,
பதினொரு பேரும் ஒரே கலியாணத்துக்கு.
13இலும் 201. 14இலும்.
மாதக் கடைசி வரை கலியாணம்.

ஜூன் 19. ஏழாம் நம்பர் மலையில் இழப்பு:
தேயிலைச் செடி 1,460.

செடியை எண்ணியிருக்கிறார்கள்.

என் மடிக்கணினியில் அட்டவணை திறந்திருக்கிறது.
அந்தக் கட்டம் எண்ணை மட்டுமே ஏற்கும்.
வழிந்தது என்று அடித்தேன். சிவந்து மறுத்தது.
தரவு இல்லையென்றால் வெறுமையாக விடு,
பக்கத்து நாட்களை வைத்து ஊகிக்கலாம்
என்பார் பேராசிரியர்.
பக்கத்து நாட்கள்: 212. 201.

குறிப்புப் பத்தியில் 11 என்று போட்டேன்.
அலகு எழுதவில்லை.

நாலேகால். மின்விசிறி நிற்கிறது.
நாடாவை என்னைவிட நன்றாகக் கட்டுகிறார் எகொடவெல மாத்தயா.
வருகைப் புத்தகத்தில் இன்றைய பக்கத்தின் அடியில்
மொத்தம் எழுதுகிறார்: 1.
மத்தியானத்துக்குப் பிறகுதானே வந்தேன்,
அரைதான் போட வேண்டும் என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தார்.

சரசவி உயனவில் ரயில் பிந்துகிறது.
மேற்கே மலைக்கு மேல் கறுத்துக் கிடக்கிறது.
அம்மாவுக்கு எடுத்தேன்.
பெய்யுது, என்றாள்.
எவ்வளவு?
மழையப் போயி யாராச்சும் அளப்பாங்களா, என்றாள்.
பிறகு, எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து,
ஒழுகுற எடத்துல வச்ச வாளி பாதி, என்றாள்.

எழுதிக்கொண்டேன். நேரம் 5.20.
வாளியின் விட்டம் கேட்க வேண்டும்.