ஏழாம் குழு

முப்பத்தெட்டுப் பெயர்கள்.
ஐந்தால் வகுத்தால் மூன்று மிஞ்சும்.
அந்த மூன்றை எங்கே ஒட்டுவது என்பதிலேயே
வெஸ்ட்வில் குன்றின் மேல்
ஒரு ஞாயிறு மாலை முழுக்கப் போனது.

போன வருடம் அவர்களையே பிரிந்துகொள்ளச் சொன்னேன்.
சாட்ஸ்வர்த்காரர்கள் ஒரு மேசை,
உம்லாசிக்காரர்கள் ஒரு மேசை,
பீனிக்ஸிலிருந்து வரும் இரட்டையர்
எதிலும் சேராமல் ஜன்னலோரம்.
அதற்கு முந்தின வருடம் மதிப்பெண் பார்த்துக் கலந்தேன்:
ஒரு கெட்டிக்காரி, மூன்று நடுத்தரம், ஒரு தூங்குமூஞ்சி.
கெட்டிக்காரி நான்கு பேர் வேலையையும் செய்துவிட்டு
என் அறைக்கு வந்து அழுதாள்,
அரை மணி நேரம்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள்.
வடத்தில் எல்லார் கையும் இருக்கும்.
இழுக்கிற கை எது, சும்மா பிடித்துக்கொண்டு வருகிற கை எது,
தேருக்கே தெரியாது.
எனக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டுமாம்,
நூற்றுக்கு இத்தனை என்று.

இந்த முறை டாக்ஸித் தடம் பார்த்துப் பிரித்தேன்.
கடைசி வண்டியைச் சேர்ந்து பிடிக்கிறவர்கள் சேர்ந்தே படிக்கட்டும்.
பெருமையாகத்தான் இருந்தது.
உம்லட்டுசானாவில் போய்ச் சேரும் ஓர் ஓடை,
ஒரு மதகு, ஐம்பது நாள் மழை;
தண்ணீர் எப்போது சாலையேறும், சொல்லுங்கள்.
வாரம் ஒரு கூட்டம். வருகைப் பதிவேடு.
இரண்டு தவறினால் எச்சரிக்கை, மூன்றானால் பெயர் நீக்கம்.
விதியை நானே எழுதினேன், தடித்த எழுத்தில்.

ஏழாம் குழுவின் பதிவேட்டில்
டெவாஷ்னி, ஸாகிர், நொக்வாசி, குவேஷன்
ஒழுங்காகக் கையெழுத்திட்டிருந்தார்கள்.
ஸ்பெலேலேயின் கட்டம் மட்டும்
ஐந்து வாரமாக வெள்ளை.
புகார் ஒன்றும் வரவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.
கடிதம் அடித்து முடித்தேன்,
அனுப்பும் நேரம் மின்வெட்டு.
இரண்டு மணி நேரம் இருட்டில்
விறைப்பாக உட்கார்ந்திருந்தது என் நியாயம்.

மறுநாள் அவர்களின் முதல் வரைவு வந்தது.
பக்கம் பதினொன்றில் மழை அட்டவணை:
நாற்பத்தொரு நாள், நாற்பத்தொரு எண்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் நேரம்.
3.50. 3.48. 3.55.
அதிகாலையா?
"ஆமாம் டாக்டர். மழைமானி வெல்பெடாக்டில், அவன் வீட்டு முற்றத்தில்.
நாலு மணிக்கு மாமாவின் டாக்ஸியை எடுப்பான்,
எடுப்பதற்கு முன் எண்ணை அனுப்பிவிடுவான்."
மிச்ச ஒன்பது நாள்?
"டாக்ஸி வேலைநிறுத்தம். தூங்கிவிட்டான்."
மழை?
"பெய்யவில்லை என்று நம்புகிறோம்."

சரி, கூட்டத்துக்கு?
டெவாஷ்னி பேனா மூடியைக் கடித்தாள்.
"கூட்டத்துக்கு எங்களை ஏற்றி வருகிறவனே அவன்தான்.
இறக்கிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விடுவான்.
பாதிக் கூட்டம் வண்டியிலேயே முடிந்துவிடும்.
கியர் மாற்றிக்கொண்டே சொல்வான்:
மதகின் அகலம் தப்பு, மறுபடி அளங்கள்."

அளந்தார்களாம். தப்புதானாம்.

அவனுக்கு இன்னும் மதிப்பெண் போடவில்லை.
வருகைக்கு இருபது விழுக்காடு;
ஒருவனுக்குத் தளர்த்தினால்
மூன்றாம் குழுவின் கைலனும் வந்து நிற்பான்,
நானும் ஏதோ ஓட்டினேன் என்பான்,
ஓட்டியும் இருக்கலாம்.
கடிதம் வரைவுப் பெட்டியில் அப்படியே கிடக்கிறது.

அடுத்த பருவத்துக்கான படிவத்தைத் திறந்தேன்.
"எப்போது ஓய்வாக இருப்பீர்கள்?"
ஆறு வருடமாக அதே கேள்வி.
அழித்துவிட்டு
"எப்போது விழித்திருப்பீர்கள்?" என்று அடித்தேன்.
திரும்பப் படித்தால்
இரவுக் காவல்காரனிடம் கேட்பது போல இருக்கிறது.
இருக்கட்டும்.