ஒள்ளுப்பம்

கொழும்பில் வெட்டி எடுத்தது
வயிற்றில் முக்கால்வாசியை.
பின்னேரம் நாலரையை
யாரும் வெட்டவில்லை.
அது அப்படியே இருக்கிறது,
கல்முனைத் தபால் கந்தோர் சுவரில்,
முத்திரைப் பசையின் மணத்தோடு.

ஏழு மாதத்துக்கு முந்தி என் பாதை இது:
பஸ் ஏறமுன் பேக்கரியில் நாலு மீன் றோல்ஸ்.
பாண்டிருப்பில் முதலாவது.
மருதமுனைச் சாறன் கடைகளுக்கு முன்னால் இரண்டாவது.
பெரியநீலாவணை தாண்டமுன் மூன்றாவது.
நாலாவதைக் கல்லாற்றுப் பாலத்துக்கென்று வைத்திருப்பேன்,
வாவிக் காற்றில் மணம் நிற்காது.
ஓந்தாச்சிமடத்தில் எண்ணெய்க் காகிதம்
யன்னலால் பறக்கும்.
களுவாஞ்சிகுடியில் இறங்கும்போது
பகல் முழுக்கப் பட்டினி கிடந்த பெண் நான்.
"களைச்சுப் போனாய்" என்று சிவபாதம்
சோறு போட்டுத் தருவார்.
அதையும் தின்பேன்.

இப்போது என் கோப்பை
பச்சைப் பிள்ளைக்கு ஊட்டுகிற கிண்ணம்.
முதலில் மீன், மறுகா மரக்கறி,
இடம் இருந்தால் சோறு.
ஒரு வாய்க்கு இருபது தரம் சப்ப வேண்டும்.
சாப்பிட்டு அரை மணித்தியாலம் தண்ணி கூடாது.
சீப்போடு தலைமயிர் வருகிறது.
பழைய சட்டைக்குள்
இன்னொருத்தி நிற்க இடமிருக்கிறது.

பெருநாளுக்கு மறுநாள்
றிஸ்வானா வட்டிலப்பம் கொண்டுவந்தாள்.
"ஒள்ளுப்பம் தின்னுங்க அக்கா, ஒண்டும் செய்யாது."

ஒள்ளுப்பம்.
எங்கட பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அளவு கிடையாது.
ஒள்ளுப்பம் என்று வைக்கிற சோற்றுக்குப் பின்னால்
ஒரு ஆள் ஒளிந்துகொள்ளலாம்.
மூன்று கரண்டிதான்.
பத்து நிமிஷத்தில் நெஞ்சு அடித்து, வேர்த்து,
பார்சல் மூட்டைகளின் மேல் சரிந்து கிடந்தேன்.
வட்டிலப்பத்தில் பிழையில்லை.
நல்ல வட்டிலப்பம்.

நேற்று என் லாச்சியில்
மூவாயிரத்து இருநூறு குறைந்தது.
மூன்று தரம் எண்ணினேன்.
வரிசையில் சனம் நிற்க, தபாலதிபர்
"கணக்குப் பாக்கத் தெரியாட்டி..." என்றார்.
மிச்சத்தைச் சொல்லவில்லை.
அந்த மிச்சத்தைப் பேக்கரி வரைக்கும்
நான் காவிக்கொண்டு போனேன்.
"நாலு" என்றது வாய்.
மெலிந்த முகத்தைப் பொடியனுக்கு மட்டுக்கட்ட ஏலவில்லை.
குரலை விளங்கியிருக்கும்,
"சோஸ் வேணாந்தானே" என்று அவனே சொன்னான்.

யன்னலோரம். மடியில் சூடு.
பசியில்லை. சத்தியமாய்ப் பசியில்லை.
பாண்டிருப்பில் ஒரு கடி.
பதினேழு, பதினெட்டு என்று எண்ணிச் சப்பினேன்.
மருதமுனையில் இரண்டாம் கடி.
மூன்றாவது நெஞ்சாங்குழியில் நின்றுவிட்டது,
தபால் பெட்டி வாயில்
பெரிய கடித உறை சிக்கின மாதிரி.
அவ்வளவுதான் நான். நிரம்பியாயிற்று.
அவர் சொல்லாமல் விட்ட மிச்சமோ
உள்ளே போக வழியில்லாமல்
இன்னும் வெளியில் நின்றது.

அது கண்ணால் வந்தது.
கீரைக் கட்டோடு பக்கத்தில் இருந்த மனிசி
மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.
பாலம் போனது. வாவி போனது.
சாப்பிட்டு அரை மணித்தியாலம் தண்ணி கூடாது.
இந்தத் தண்ணியைப் பற்றி
டொக்டர் ஒன்றும் சொன்னதில்லை.

ஓந்தாச்சிமடத்தில் காகிதம் பறக்கவில்லை,
மூன்றரை றோல்ஸ் அதற்குள் இருந்தது.

"கையில என்ன?" என்றார் சிவபாதம்.
பதினாறு வருஷத்தில் முதல் தரம்
கேட்பதற்கு என் கையில் ஏதோ இருந்தது.
"றோல்ஸ்."
"கடிச்சிருக்கு."
"ஓம்."
கடித்ததையே எடுத்து,
கடித்த பக்கத்தாலேயே தொடங்கினார்.
"மூவாயிரத்து இருநூறு" என்றேன்,
வேறெப்படிச் சொல்வதென்று தெரியாமல்.
வாய் நிறைய வைத்துக்கொண்டு கேட்டார்:
"இந்த நாலுக்குமோ?"

சிரிப்பு வந்துவிட்டது.
தையல் போட்ட இடம்
ஒள்ளுப்பம் இழுத்தது.